வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளுத்துக்கட்டுகிற மாணவர் நோயாளி முன்னால் என்ன செய்கிறார்? (கிளினிக்கல் சைக்காலஜி பயிற்சியும் மதிப்பெண்ணும்)

ஓபி_அறை7 (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பத்து வருடமாக எம்.பில் கிளினிக்கல் சைக்காலஜி மாணவர்களுக்கு சூப்பர்வைசராக இருக்கிறேன். போன மாதம் இன்டர்னல் எக்ஸாமினராக உட்கார்ந்தேன். அன்றிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. இங்கே கொட்டிவிடுகிறேன்.

இரண்டு மாணவர்கள். முதலாமவர் கேஸ் பிரசன்டேஷனில் பின்னியெடுத்தார். எந்த நோய், அது ஏன் இன்னொன்றாக இருக்க முடியாது, எந்தத் தெரபி, ஏன் அது என்று மடை திறந்த மாதிரி வந்தது. வெளியூரிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தலையாட்டி ரசித்தார். பேட்ச்சிலேயே அதிக மதிப்பெண் அவருக்குத்தான்.

ஆனால் தேர்வுக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு நாள், ஓபியில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் ஃபைல் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இவர் கேஸ் ஹிஸ்டரி எடுத்துக்கொண்டிருந்தார். 45 வயதிருக்கும் ஒரு அம்மா. மகன் கூட்டி வந்திருந்தான். பேச்சோடு பேச்சாக அந்த அம்மா சொன்னார்: "எதுக்கு இருந்துக்கிட்டு... போய்ச் சேர்ந்துட்டா எல்லாருக்கும் நிம்மதி." பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. அடுத்த கேள்வி: "தூக்கம் எப்படிம்மா இருக்கு?"

நான் எழுந்து உள்ளே போய், மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மீதியை நானே கேட்டேன். அந்த அம்மா ஏற்பாடு வரைக்கும் போயிருந்தார். அன்றே சைக்கியாட்ரிஸ்டிடம் பேசி அட்மிட் செய்தோம். மாணவரின் ரெக்கார்டில் இதற்கு இருந்தது ஒரே ஒரு ஆங்கில வரி. தமிழில் சொன்னால் "எதிர்காலம் பற்றி அவநம்பிக்கை". இலக்கணப் பிழை இல்லாத வரி.

இரண்டாமவருக்கு ஆங்கிலம் திக்கும். வைவாவில் மூன்று கேள்விக்கு முழி பிதுங்கி நின்றார். ஆனால் அவர் அறையில் உட்கார்ந்தால், வாயே திறக்க மாட்டேன் என்று வந்த பையன்கூட இருபது நிமிடத்தில் பேச ஆரம்பித்துவிடுவான். அவருக்குக் கிடைத்தது விளிம்பு மார்க்.

நாம் எதற்கு மதிப்பெண் போடுகிறோம்? உங்கள் இடங்களில் எப்படிச் செய்கிறீர்கள்?

பழைய_சூப்பர்வைசர்

மேடம், இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. டாக்டர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. ஜார்ஜ் மில்லர் என்பவர் 1990-இல் ஒரு பிரமிடு வரைந்தார். அடித்தளம் "தெரியும்". அதற்கு மேலே "எப்படி என்று தெரியும்". மூன்றாவது "செய்து காட்டுவார்". உச்சியில் "செய்கிறார்", அதாவது யாரும் பார்க்காத சாதாரண செவ்வாய்க்கிழமையில் என்ன செய்கிறார் என்பது. நம் எழுத்துத் தேர்வு முதல் தளம். வைவா, ரெக்கார்டு எல்லாம் இரண்டாம் தளம். அங்கேயே நின்றுவிட்டு மொட்டை மாடி வரை ஏறிவிட்டதாகச் சான்றிதழ் கொடுக்கிறோம்.

மூன்றாம் தளத்துக்கு ஆஸ்கி என்கிற முறை இருக்கிறது. ஸ்காட்லாந்தில் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் அவர் குழுவும் 1975-இல் எழுதியது. வரிசையாகச் சின்னச் சின்ன நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, குறிப்பிட்ட நிமிடம், மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும். எல்லா மாணவருக்கும் அதே நோயாளி, அதே கேள்வி. எனவே "எனக்குக் கஷ்டமான கேஸ் வந்துவிட்டது" என்று யாரும் அழ முடியாது. இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் சைக்காலஜி படிப்புகள் சிலவற்றிலும் இதை வைத்திருக்கிறார்கள்.

குறையும் உண்டு. பத்து நிமிடத்தில் ஆபத்தைக் கேட்டறிவதைப் பார்த்துவிடலாம். ஆறாவது செஷனில் கோபித்துக்கொண்டு வராமல் போன நோயாளியை எப்படித் திரும்ப வரவைக்கிறார் என்பதைப் பத்து நிமிடத்தில் பார்க்க முடியாது.

இரண்டாம்_வருடம்

மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா? திட்டக்கூடாது.

ஒன்றரை வருடமாகிறது. என் சூப்பர்வைசர் என்னுடைய ஒரு செஷனைக்கூட நேரில் பார்த்ததில்லை. நான் போய் "இப்படி நடந்தது மேடம்" என்று சொல்வேன். அவர் "சரி, அடுத்த வாரம் இதைச் செய்யுங்கள்" என்பார். அவருக்குத் தெரிந்த நோயாளி நான் சொன்ன நோயாளி மட்டும்தான். அவருக்குத் தெரிந்த நானும் நான் சொன்ன நான்தான்.

ரெக்கார்டு சப்மிஷனுக்கு முந்தின வாரம் ஹாஸ்டலுக்கு வந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு முந்தைய செஷனில் யார் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? பாடப்புத்தகத்தில் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே எழுதிவிடுவோம். என் ரெக்கார்டில் வருகிற நோயாளிகள் என்னைவிட நன்றாக சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற பேச்சுச் சிகிச்சை) பேசுவார்கள். நிஜத்தில் அந்த அண்ணன் நாலாவது செஷனில் "இந்த ஹோம்வொர்க்கெல்லாம் வேண்டாம் தம்பி, மாத்திரை போதும்" என்று போய்விட்டார். அது ரெக்கார்டில் இல்லை. மதிப்பெண் குறையுமே!

பழைய_சூப்பர்வைசர்

தம்பி, திட்டவில்லை. ஆனால் எங்கள் பக்கமும் கேளுங்கள். திங்கட்கிழமை ஓபியில் கால் வைக்க இடம் இருக்காது. சான்றிதழுக்கு ஐக்யூ பார்க்க வந்தவர்கள் ஒரு வரிசை, கோர்ட் அனுப்பிய கேஸ் ஒன்று, வகுப்பு, தீசிஸ் திருத்தம். இதற்கு நடுவில் ஒவ்வொருவரின் செஷனிலும் 50 நிமிடம் உட்காருவது நடக்கிற காரியமா?

மேடம் கேட்ட கேள்வி நியாயம். ஆனால் பதில் சொல்ல நேரம் வேண்டும். அதை யார் தருவார்கள்?

தேம்ஸ்கரை

நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டன். இங்கே அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் சிபிடி தெரபிஸ்ட். பேச்சுச் சிகிச்சை நிறையப் பேருக்குக் கிடைக்க வேணும் என்று 2008-இல் தொடங்கிய ஐஆப்ட் திட்டம்தான். இப்ப பெயரை மாற்றிவிட்டார்கள்.

எங்கட பயிற்சியில் உண்மையான செஷனைப் பதிவு செய்து கொடுக்க வேணும். அதைக் கேட்டுவிட்டு ஓர் அளவுகோலில் புள்ளி போடுவார்கள். சிடிஎஸ்-ஆர் என்று பெயர். 12 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 72. பொதுவாக 36 எடுத்தால் தேறலாம். அன்றைக்கு என்ன பேசப்போகிறோம் என்று நோயாளியோடு சேர்ந்து தீர்மானித்தாரா, நேரத்தை ஒழுங்காகப் பிரித்தாரா, சொன்னதை அவர் விளங்கிக்கொண்டாரா என்று கேட்டுப் பார்த்தாரா, வீட்டில் செய்து பார்க்கப் பயிற்சி கொடுத்தாரா என்று போகும்.

முதல் தரம் என்ர குரலை நானே கேட்டபோது வெட்கத்தில் செத்துவிட்டேன். ஒரு மனுஷி தன் தகப்பனின் மரணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறா. நான் நாலு தரம் "ஓகே, ஓகே" என்கிறேன். செஷன் நன்றாகப் போனது என்று அன்றைக்கு என் டயரியில் எழுதியிருக்கிறேன்!

இதிலும் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. பத்துப் பதிவில் சிறந்ததைத்தான் மாணவர் கொடுப்பார். இரண்டு பேர் ஒரே டேப்பைக் கேட்டால் ஒரே புள்ளி வராது. அதனால் புள்ளி போடுகிறவர்கள் முதலில் கூடி உட்கார்ந்து ஒரே டேப்புக்குப் போட்டுப் பார்த்து, ஏன் நீ 2, நான் 4 என்று சண்டை பிடிக்க வேணும். அந்தச் சண்டைதான் எனக்கு அதிகம் படிப்பித்தது.

வைகைக்காற்று

பதிவு செய்வதெல்லாம் லண்டனுக்குச் சரி. எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். போன வருடம் ஆடியோ பதிவுக்கு ஒப்புதல் கேட்டேன். அந்த அம்மா தலையாட்டிவிட்டார். கூட வந்த கொழுந்தனார் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது யூடியூப்ல வருமா சார்?" என்றார். சிரிப்பாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் கேட்டது சரியான கேள்வி. அந்தப் போன் யாருடையது? மாணவருடையது. பதிவு எங்கே போய்ச் சேர்கிறது? அவருடைய கேலரியில், கல்யாண வீடியோவுக்கும் மீம்ஸுக்கும் நடுவில்.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. பதிவு என்றால் துறையின் கருவி, பூட்டி வைக்க ஓர் இடம், எப்போது அழிப்போம் என்ற தேதி, தமிழில் ஓர் ஒப்புதல் படிவம், "வேண்டாம்" என்றால் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்ற உறுதி எல்லாம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கோட்டு போட்டவர் கேட்டால் முடியாது என்று சொல்லத் துணிகிறவர் எத்தனை பேர்? அந்தத் தலையாட்டலை ஒப்புதல் என்று நான் எடுத்துக்கொள்ளத் தயங்குவேன்.

எனவே நான் பழைய வழிக்கே போனேன். அறையின் மூலையில் ஒரு நாற்காலி. "இவங்க எங்க சீனியர், கொஞ்ச நேரம் கூட இருப்பாங்க, சரியாம்மா?" 15 நிமிடம் பார்ப்பேன், வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் பேசுவேன். முழு செஷனும் தேவையில்லை. டாக்டர் படிப்பில் மினி-செக்ஸ் என்று இதற்கு ஒரு முறையே இருக்கிறது. ஒரு தடவை நீளமாகப் பார்ப்பதைவிடப் பல தடவை குட்டியாகப் பார்ப்பது மேல் என்பதுதான் அதன் கணக்கு.

இரண்டாம்_வருடம்

நீங்கள் மூலையில் உட்கார்ந்தால் நாங்கள் அன்றைக்கு மட்டும் நல்ல பிள்ளையாக இருப்போமே சார்?

வைகைக்காற்று

முதல் ஐந்து நிமிடம் இருப்பீர்கள் தம்பி. அப்புறம் நோயாளி அழ ஆரம்பித்தால் என்னை மறந்துவிடுவீர்கள்.

ஸ்டாப்வாட்ச்

எல்லோரும் தெரபி பற்றியே பேசுகிறீர்கள். டெஸ்டிங்கை யாரும் தொடவில்லை. மதிப்பிட எளிதானது அதுதான், கோட்டை விடுவதும் அங்கேதான்.

பினே-காமத் என்ற நுண்ணறிவுச் சோதனை போடும்போது ஒரு மாணவி என் கண் முன்னாலேயே குழந்தையிடம் "இன்னொரு தடவை யோசிச்சுப் பாரு கண்ணு" என்கிறாள். பாசம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கையேட்டில் இல்லாத அந்த ஒரு வார்த்தையில் விடை மாறுகிறது, மன வயது மாறுகிறது. ஐக்யூ 70-க்குக் கீழா மேலா என்பதில் ஒரு குடும்பத்துக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழே தொங்கிக்கொண்டிருக்கலாம். பாட்டியா பேட்டரி என்ற இன்னொரு நுண்ணறிவுச் சோதனையில் கட்டை அடுக்கும்போது ஸ்டாப்வாட்ச்சை மேசைக்கு மேலே டக்கென்று அழுத்துவது இன்னொன்று. குழந்தை கட்டையை விட்டுவிட்டு வாட்ச்சைப் பார்க்கும்.

ரிப்போர்ட்டில் இது எதுவும் தெரியாது. எண் மட்டும் இருக்கும். அந்த எண்ணை வைத்து வைவாவில் அரை மணி நேரம் அழகாக விளக்கலாம்.

கூத்துப்பிரியன்

நான் சைக்காலஜிஸ்ட் இல்லை, நாடகக்காரன். ஒரு பயிற்சி மையத்தில் "நோயாளியாக நடிக்க வாருங்கள்" என்று கூப்பிட்டார்கள், அதனால் இங்கே மூக்கை நுழைக்கிறேன்.

என் பாத்திரம்: குடி, வேலை போய்விட்டது, மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். கேட்டால் ஒழிய மகளைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பது எனக்குக் கொடுத்த நிபந்தனை. அன்றைக்கு எட்டு மாணவர்கள் வந்தார்கள். ஆறு பேர் எத்தனை குவார்ட்டர், எத்தனை வருடம், கை நடுங்குகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டுக்குப் போனா யாரு இருப்பா இப்ப?" என்றாள். எனக்கு நிஜமாகவே தொண்டை அடைத்தது. எட்டாவது ஆள் பற்றிச் சொல்ல மாட்டேன், பாவம், பயத்தில் என் பெயரையே மறந்துவிட்டான்.

ஓபி_அறை7

கூத்துப்பிரியன் சார், உங்களைப் போன்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் அறுபது வருட வரலாறு இருக்கிறது. ஹவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் 1960-களின் தொடக்கத்திலேயே லாஸ் ஏஞ்சலிஸில் ஆட்களை நோயாளியாக நடிக்கப் பழக்கினார். நமக்கு இன்னும் பக்கத்திலேயே ஓர் உதாரணம் நேபாளம். அங்கே பிராண்டன் கோர்ட்டும் கூட வேலை செய்தவர்களும் எனாக்ட் என்று ஓர் அளவுகோல் உருவாக்கினார்கள், 2015-இல் வெளிவந்தது. 18 அம்சங்கள். எந்தத் தெரபியாக இருந்தாலும் பொதுவாக வேண்டியவை: முகம் பார்த்துப் பேசுவது, ரகசியம் காப்பேன் என்று சொல்வது, குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வது, தற்கொலை எண்ணத்தைக் கேட்பது. நடித்துக் காட்டும் சூழலில் வைத்துப் புள்ளி போடுவார்கள். பெரிய படிப்பு இல்லாத சுகாதாரப் பணியாளர்களை மதிப்பிடச் செய்தது. நம் எம்.பில் மாணவர்களை அதில் ஒரு தடவை நிறுத்திப் பார்க்க எனக்கு ஆசை. கொஞ்சம் பயமும் கூட.

மார்க்லிஸ்ட்

கருவி ஆயிரம் இருக்கட்டும், போடுகிற கை நம் கைதானே. நான் உள்ளதைச் சொல்கிறேன். எங்கள் துறையில் ஐந்துக்கு மதிப்பெண் போடும் படிவம் ஒன்று உண்டு. கடந்த சில வருடப் படிவங்களை ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். 4, 4, 4, 5, 4, 4. யாருக்கும் 2 இல்லை. ஒருவருக்கு 3 போட்டிருந்ததும் பிறகு அடித்துத் திருத்தப்பட்டிருந்தது.

2 போட்டால் என்ன ஆகும் தெரியுமா? "ஆறு மாதமாக ஏன் சொல்லவில்லை?" என்று முதலில் என்னைக் கேட்பார்கள். அப்பா ஊரிலிருந்து வந்து நிற்பார். கட்டின பீஸ், நின்றுபோன கல்யாணப் பேச்சு எல்லாம் என் மேசை மேல் வந்து விழும். அதே பிள்ளைக்கு நாளை வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதப்போவதும் நான்தான். கற்றுக்கொடுப்பதும் நானே, கதவில் நிற்கிற காவல்காரனும் நானே என்றால் கை 4-க்குத்தான் போகும்.

இன்னொன்று, பணிவான பிள்ளைக்கு எல்லாக் கட்டத்திலும் கூடப் போடுவோம். வணக்கம் சொல்கிறான், எனவே ஃபார்முலேஷனும் (நோயாளியின் பிரச்சினை ஏன், எப்படி வந்தது என்று தொகுத்து விளக்குவது) நன்றாகச் செய்வான் என்று மனசு முடிச்சுப் போட்டுவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் கிரெய்க் கொன்சால்வெஸ் என்பவர் இதற்கு ஒரு வழி பார்த்தார். எண்ணே கேட்காமல், வெவ்வேறு நிலையில் இருக்கிற மாணவர்களைப் பற்றிய குட்டிச் சித்திரங்களைக் கொடுத்து "உங்கள் மாணவர் இதில் யார் மாதிரி?" என்று கேட்பது. 2 என்று எழுதக் கூசுகிற கை, "இந்த மாதிரி" என்று தொட்டுக் காட்டக் கூசாது போலிருக்கிறது.

தேம்ஸ்கரை

மாணவரையே தன்னைப் பற்றி எழுதச் சொன்னால் இன்னும் மோசம். அமெரிக்காவில் 2012-இல் வந்த ஓர் ஆய்வில் 129 மனநலத் தொழிலர்களிடம் சக தொழிலர்களோடு ஒப்பிட்டு உங்களை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிக்குக் கீழே என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. கால்வாசிப் பேர் தங்களை முதல் பத்து சதவீதத்தில் வைத்துக்கொண்டார்கள். பட்டம் வாங்கித் தொழில் செய்கிறவர்களே இப்படி.

சேலம்_சிட்டு

யுஜிசி 2022-இல் எம்.பில்லை எடுத்துவிட்டு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் ஒர்க்குக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டித்ததே, அப்புறம் இந்தப் பேச்சுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

நெறியாளர்

அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே ஏற்கெனவே பெரிய ரகளை. படிப்பின் பெயர் எதுவானாலும் மாணவரும் நோயாளியும் ஓர் அறையில்தான் உட்காரப்போகிறார்கள். இங்கே அதை மட்டும் பேசுவோம்.

ராகிக்களி

மொழி விஷயத்தை விட்டுவிட்டீர்களே. செஷன் தமிழில். ரெக்கார்டு ஆங்கிலத்தில். எக்ஸ்டர்னல் தமிழ் தெரியாதவராகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் அவர் மதிப்பிடுவது மொழிபெயர்ப்பைத்தான்.

என் நோயாளி ஒரு பாட்டி. "நெஞ்சுல ஏதோ கல்லை வெச்ச மாதிரி" என்பார். நான் என்ன எழுதுவது? பதற்றமா, சோகமா, உடம்பு வலியா? பேசிப் பார்த்ததில் அது பேரனிடம் சொல்ல முடியாமல் வைத்திருந்த ஒரு குற்ற உணர்ச்சி. அதைக் கண்டுபிடித்ததுதான் என் வேலை. அது ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகச் சுருங்கி மார்க்குக்குப் போனது.

இன்னும் கேளுங்கள். அந்தப் பாட்டி போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்ப சாமி" என்று கன்னத்தைத் தொட்டார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன். ரோல்-பிளேயில் இதைச் செய்து காட்டியபோது ஒரு மதிப்பீட்டாளர் "எல்லைக் காப்பு குறைவு" என்று எழுதினார். கையை உதறியிருந்தால் முழு மார்க்கோ? பாட்டி அடுத்த வாரம் வந்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

பழைய_சூப்பர்வைசர்

ராகிக்களி, இந்த இடத்தில் நானும் உங்கள் பக்கம். "அம்மா" என்று கூப்பிடுவதையும் "மேடம்" என்று கூப்பிடுவதையும் எந்த வெளிநாட்டு அளவுகோலும் பிரித்துப் பார்க்காது. ஆனால் ஓர் எச்சரிக்கை. நம் ஊர்ப் பாசம் என்ற பெயரில் அறிவுரை மழை பொழிகிற மாணவர்களையும் பார்த்திருக்கிறேன். "நீங்க அனுசரிச்சுப் போங்கக்கா" என்று அடிவாங்கி வந்த பெண்ணிடம் சொன்னவரும் அதே பாசத்தோடுதான் சொன்னார்.

ஓபி_அறை7

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வைகைக்காற்று சொன்ன நாற்காலியைப் போட்டுப் பார்த்தேன். ஆறு மாணவர்கள், ஒவ்வொருவரிடமும் வாரத்துக்கு ஒரு தடவை, 15 நிமிடம். கணக்குப் போட்டால் வாரத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ரெக்கார்டு திருத்துவதில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொண்டேன், யாரும் கேட்கவில்லை.

விளிம்பு மார்க் வாங்கிய மாணவியைப் பற்றி நான் நினைத்தது பாதிதான் சரி. பேச வைக்கிறாள், உண்மை. ஆனால் பேச வைத்துவிட்டு எங்கே கூட்டிப் போவது என்று தெரியவில்லை. 15 நிமிடமும் அந்தப் பையன் கிரிக்கெட் பற்றிச் சொல்ல, இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைவாவில் முழித்ததற்குக் காரணம் ஆங்கிலம் மட்டும் இல்லை போலும். நேரில் பார்த்திராவிட்டால் அவளை நான் கடைசிவரை தலையில் தூக்கி வைத்திருப்பேன்.

முதல் மாணவரிடம் அன்றைய சம்பவத்தை நிதானமாகப் பேசினேன். "ஏன் அடுத்த கேள்விக்குப் போனீங்க?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "கேட்டா நானே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு பயம் மேடம்" என்றார். கேட்பதால் எண்ணம் வராது என்று தேர்வில் அவர் எழுதியிருக்கிறார், சரியான விடை. வாய்தான் வரவில்லை. அந்த ஒரு கேள்வியைத் தமிழில் சத்தமாகச் சொல்லச் சொன்னேன். "சாகணும்னு" என்ற சொல் மூன்று தடவை தொண்டையில் நின்றது. ஒருவருக்கொருவர் நோயாளியாக உட்கார்ந்து மொத்த பேட்ச்சையும் சொல்ல வைத்தேன்.

நேற்று மூலையில் உட்கார்ந்திருந்தேன். வேலை போன ஒருவர், "எல்லாம் போதும் சார்" என்றார். அந்த முதல் மாணவர் பேனாவை வைத்துவிட்டு, "போதும்னா... செத்துப்போயிடலாம்னு தோணுதாண்ணே?" என்றார். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே டோக்கன் எண் கூப்பிடும் சத்தம். இவர் அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

வைகைக்காற்று, நீங்கள் சொன்ன தமிழ் ஒப்புதல் படிவம் இருந்தால் அனுப்ப முடியுமா? நாற்காலிக்கும் ஒன்று எழுதி வைக்கலாம் என்று பார்க்கிறேன்.

வைகைக்காற்று

இன்று ராத்திரி தட்டச்சு செய்து போடுகிறேன் மேடம். ஒரு பக்கம்தான். கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்: "வேண்டாம் என்றும் சொல்லலாம்."

இரண்டாம்_வருடம்

ஓபி_அறை7 மேடம், உங்கள் துறையில் இடம் மாறி வர முடியுமா?

ஓபி_அறை7

ரெக்கார்டை முதலில் முடியுங்கள் தம்பி. அந்த அண்ணன் மாத்திரை போதும் என்று போனதையும் சேர்த்து எழுதுங்கள்.